மணியோடு சேர்த்துப் பத்து மாசம்

சர்ட்டிபிகேட்டில் இருக்கும் வயதைவிட எனக்கு நாலரை மாதம் வயது அதிகம். என்னையும் சேர்த்துக் கோன் வைண்டிங் ஷெட்டில் நின்ற எண்பத்து நாலு பெண்களுக்கும் அப்படித்தான். மில்லை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிய அன்று மேஜை போட்டு உட்கார்ந்து வயதைக் கேட்டுக் கேட்டு எழுதினார்களே, அவர்களுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நாலரை மாதத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று திண்டாடியிருப்பார்கள், அதனால் நாங்களும் சொல்லவில்லை.

எங்கள் மில் ஒண்டிப்புதூரைத் தாண்டி இருந்தது. டீ மணி அடிக்கிற வேலை டைம் ஆபீஸ் நஞ்சப்பனுடையது. நல்ல மனுஷன், ஆனால் என்றைக்கோ ஒருநாள் ஷாக் அடித்ததிலிருந்து சுவிட்சைத் தொடுவதென்றால் அவருக்கு அடுப்பில் கிடக்கிற தோசைக்கல்லைத் தொடுகிற மாதிரி, விரல் பட்டதும் படாததுமாக எடுத்துவிடுவார். அந்தத் தொடுதலுக்கு மணியும் ஒரு தும்மல் தும்மிவிட்டு அடங்கிவிடும். நூற்றுக்கணக்கான டிரம்கள் உருண்டு பாபின் நூலைப் பெரிய கோன்களில் சுற்றிக்கொண்டிருக்கிற ஷெட்டில் அந்தத் தும்மல் வாசல் பக்கத்து மெஷின்காரிகளுக்கு மட்டும்தான் கேட்கும். அவர்கள் போய் டீ குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வரும்போதுதான் கடைசி மெஷினில் நிற்கிற எனக்கு மணி அடித்த சங்கதியே தெரியும், ஓடிப் போனால் வாளியில் வண்டல்தான் இருக்கும். ஏழு வருஷம் வண்டல் குடித்தவள் நான். எட்டாவது வருஷம் வயர்மேன் வேலப்பனிடம் சண்டைக்குப் போனேன்.

வேலப்பன் பாலக்காட்டுப் பக்கத்து ஆள், தபாலில் ரேடியோ மெக்கானிசம் படித்தவர், எதற்கும் கோபப்படத் தெரியாதவர். "நஞ்சப்பன் வெரல என்னால நீட்ட முடியாது அம்மிணி, மணிய வேணா நீட்டலாம்" என்றார். பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் ஒரு சோப்பு டப்பாவைக் கொண்டுவந்து ஷெட்டுக்குள் சுவரில் மாட்டினார். உள்ளே எட்டுக் கால் வைத்த ஒரு கறுப்பு ஐ.சி., நாலைந்து சில்லறைச் சாமான், அவ்வளவுதான். எங்களுக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். உள்ளே கெப்பாசிட்டர் என்று ஒரு தொட்டி இருக்கிறது, அதில் கரண்டை ஊற்ற ரெசிஸ்டர் என்று ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. நஞ்சப்பன் எவ்வளவு லேசாகத் தொட்டாலும் சரி, தொட்டதும் மணி அடிக்கத் தொடங்கும், தொட்டியும் நிரம்பத் தொடங்கும். பன்னிரண்டு வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது எட்டு வோல்ட், ரொம்பியதும் மணி நின்றுவிடும், தொட்டி தானாகக் காலியாகி அடுத்த தொடுதலுக்குக் காத்திருக்கும். "ஏழரை விநாடி அடிக்கும், கடைசி மெஷின் வரைக்கும் கேக்கும்" என்றார்.

கேட்டது. காலை பத்து மணிக்கு நஞ்சப்பன் தொட்டார், மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கணீரென்ற சத்தம் மெல்ல மெல்லத் தாழ்ந்து அடிவயிற்றில் கேட்கிற முனகலாக மாறி அப்படியே நீடித்தது. டிரம்கள் நின்றுவிட்டன என்று சொல்ல முடியாது, மணி முள் நகருவது கண்ணுக்குத் தெரியாதே, அந்த மாதிரி உருண்டுகொண்டிருந்தன. காற்றில் பறந்த பஞ்சுத் தூசி பறந்த இடத்திலேயே நின்றது, கையால் ஒதுக்கினால் ஒதுங்கியது. வாசலுக்கு வெளியே டீ வாளி தூக்கி வந்தவர் ஒரு காலைத் தூக்கியபடி இருந்தார். பீடி குடிக்க மணிக்கு முன்பே நழுவிப்போகிற மேஸ்திரியின் வாயிலிருந்து வந்த புகை ஜன்னலுக்கு அந்தப்பக்கம் அசையாமல் தொங்கியது. மூன்றாம் மெஷின் ராமாத்தாள்தான் முதலில் பேசினாள், "மெஷினு நின்னுபோச்சாட்டம் இருக்குது, மேஸ்திரி வெய்வாரே" என்றாள். நாங்கள் எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்தோம், மெஷினுக்காக அல்ல. அந்தச் சத்தத்துக்குள் வாயசைவையும் கைச்சாடையையும் வைத்தே ஏழெட்டு வருஷம் பேசிக்கொண்டிருந்த எங்களுக்கு, ராமாத்தாளின் குரல் அத்தனை கீச்சென்று இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

எங்கள் மதிப்புக்கு முக்கால் மணி நேரம் கழித்து மணி நின்றது. டீ வாளிக்காரர் தூக்கிய காலைக் கீழே வைத்தார். டீ கொதிக்கக் கொதிக்க இருந்தது, நான் முதல் டம்ளர் வாங்கினேன்.

ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. காலையில் ஒன்று, மதியம் மூன்று மணிக்கு ஒன்று, இரண்டு மணியும் எங்களுக்கு வாய்த்தது, வாய்த்ததைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்ள நாங்கள் என்ன படித்தவர்களா? முதல் வாரம் முழுக்க எல்லோரும் தூங்கினோம், கோன் மூட்டைகளில் சாய்ந்தும் தரையில் சாக்கை விரித்தும் ஜென்மத் தூக்கம் தூங்கினோம். இரண்டாம் வாரம் பேன் பார்த்தோம். மூன்றாம் வாரத்திலிருந்துதான் எங்களுக்குள் இத்தனை பேச்சு இருந்தது தெரிந்தது, கூடை பின்னத் தெரிந்தவள் கூடை சொல்லிக்கொடுத்தாள், எழுதத் தெரிந்தவள் எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள், பாட்டு வருகிறவள் பாடினாள், பழைய சண்டைக்காரிகள் நேரம் போதாமல் பாதியில் விட்ட சண்டையை உட்கார்ந்து முடித்துக்கொண்டார்கள். சட்டங்களும் தானாக வந்தன. வீட்டுக்குத் தூரமானவளுக்குத்தான் ஜன்னலோரத்து மெத்தை மூட்டை. மணிக்குள் அழுததை மணிக்கு வெளியே விசாரிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் சொல்லக் கூடாது, சொன்னால் அந்த நேரத்துக்கும் ஒரு வேலை வைத்துவிடுவார்கள். எண்பத்து நாலு பெண்கள் ஒரு ரகசியத்தைக் காத்தோம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், அதுவே எங்களுக்கு நல்ல காவலாக இருந்தது.

வேலப்பனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. எங்களுக்கு வரமாக இருந்தது அவருக்கு ரிப்பேர். மணி அடிக்கிற சமயம் பார்த்து ஷெட்டுக்குள் வந்து டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஐ.சி.யை மாற்றினார், சரிப்படவில்லை. நஞ்சப்பனின் சுவிட்சிலிருந்து வருகிற ஒயரில் கண்ட கண்ட சத்தம் ஏறுகிறதோ என்று அதில் ஒரு ரெசிஸ்டரைக் கட்டினார், சரிப்படவில்லை. ஐந்தாவது காலுக்கு ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் வைத்தார், ரிலேவுக்கு டயோடு வைத்தார், ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு "எல்லாம் சரியாத்தான் இருக்குது, அதுதான் சரியில்ல" என்று தலையைச் சொறிவார். "ஏனுங்ணா, நல்லா இருக்கறதப் போய் எதுக்கு நோண்டறீங்க" என்று நான் கேட்டால் சிரித்துக்கொண்டே நோண்டுவார்.

ஆடி மாதம் தன் மல்டிமீட்டரைக் கொண்டுவந்து கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் ஒயர் மாட்டி, தொட்டி எப்படி ரொம்புகிறது என்று பார்க்கச் சுவரில் தொங்கவிட்டார். அவர் பார்த்தாரோ இல்லையோ, நாங்கள் பார்த்தோம். மணிக்குள் எங்கள் கைக்கடிகாரம் எதுவும் ஓடாது, சுவர்க் கடிகாரமும் ஓடாது, இந்த முள் மட்டும்தான் நகர்ந்தது. பூஜ்யத்தில் தொடங்கி எட்டைத் தொட்டதும் மணி முடியும், இதைவிட என்ன கடிகாரம் வேண்டும்? "அஞ்சு வோல்ட்டுக்கு என்னை எழுப்பி வுடு" என்று சொல்லிவிட்டுப் படுப்பார்கள், "ரெண்டு வோல்ட்டுல தலைய வாரி முடிச்சிருவேன்" என்பார்கள். முதல் நாலு வோல்ட் ஓடியே போய்விடும், ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் முள் தவழும், அந்தத் தவழ்கிற நேரம்தான் எங்களுக்கு எல்லாவற்றிலும் இனிமையான நேரம். மீட்டரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்த வேலப்பனை நாங்கள் விடவில்லை, அவரும் வேறொன்று வாங்கிக்கொண்டார்.

அந்த ஆடியிலிருந்து மணி நீண்டது. முக்கால் மணி நேரமாக இருந்தது, கூடை பின்னுகிற வேகத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால், மூன்று மணி நேரமானது. ஆடிக் காற்றுக்கு எல்லாம் நீளும் என்று நாங்கள் எங்களுக்குள் முடிவுகட்டிக்கொண்டோம். வேலப்பன் கெப்பாசிட்டர் ஒழுகுகிறது என்று முடிவுகட்டினார். "தொட்டியில ஓட்டை இருந்தா ரொம்ப நேரமாகுமில்ல, அதேதான்" என்று புதிது மாற்றினார், நீளம் குறையவில்லை. இன்னொன்று மாற்றினார், குறையவில்லை.

ஆவணியில் கலாமணிக்குக் கல்யாணமானது. எனக்குப் பக்கத்து மெஷின்காரி, இருகூர்ப் பெண், இருபத்தொரு வயது, சிரித்தால் ஷெட்டு முழுக்கக் கேட்கும் என்று மணிக்குள் தெரிந்துகொண்டோம். மாப்பிள்ளை ஆறுச்சாமி பீளமேட்டில் பம்பு செய்கிற பட்டறையில் லேத் ஓட்டுகிறவன், அம்மா சொன்னால் சரி என்கிற பிள்ளை. அம்மா பெயர் நாச்சாத்தாள். புருஷன் போனபின் ஒற்றைப் பிள்ளையை வைத்துக்கொண்டு தன்னந்தனியாக நிமிர்ந்தவள், கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பாள். கல்யாணத்தன்று பந்தியில் இலைகளை எண்ணியதை நானே பார்த்தேன்.

புரட்டாசி முடிவதற்குள் கலாமணி வாந்தியெடுத்தாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் எல்லோருக்கும் பிள்ளையானாள். தினமும் இரண்டு மணி, மணிக்கு மூன்று மணி நேரம், ஒருத்தி காலைப் பிடித்துவிட, ஒருத்தி தலையில் எண்ணெய் வைக்க, ஒருத்தி மாங்காய் நறுக்கித் தர, ராஜாத்தி மாதிரி இருந்தாள். வயிற்றில் பிள்ளை முதல்முதலாக உதைத்ததுகூட மணிக்குள்தான், ஆறு வோல்ட்டில், என் கையைப் பிடித்து இழுத்துவைத்துக் காட்டினாள். அன்றைக்குத்தான் அவள் என்னிடம் அதைக் கேட்டாள்.

"பாக்கியக்கா, இங்க நாம இருக்கற நேரம் வயித்துக்கும் சேருமா?"

"வயித்துக்கென்ன கடியாரமா கட்டியிருக்குது? பேசாம மாங்காயத் தின்னு" என்றேன் நான்.

எல்லோரையும் கேலி செய்கிற வாய், அவளையும் கேலி செய்துவிட்டது. நகம் சீக்கிரம் வளர்கிறது என்று எங்களுக்குத் தெரியும், தலைச்சாயம் சீக்கிரம் வெளுக்கிறது என்று தெரியும், எங்கள் தூரக் கணக்குகூட நாள்காட்டியோடு ஒத்துப்போகாமல் முன்னால் ஓடியது தெரியும். இவ்வளவும் தெரிந்த எண்பத்து நாலு பெண்களில் ஒருத்திகூட அதைக் கலாமணியின் வயிற்றோடு கூட்டிப் பார்க்கவில்லை. தை மாதத்தில் வயிறு ஏழு மாத வயிறாகத் தெரிந்ததும் ஆசைப்பட்டு ஒரு வெள்ளிக்கிழமை மணிக்குள் அவளுக்கு வளைகாப்புப் போட்டோம், ஆளுக்கு இரண்டு கண்ணாடி வளையல், ஐந்து வகைச் சாதம், ராமாத்தாள் கீச்சுக் குரலில் நலுங்குப் பாட்டு. வீட்டில் அவளுக்கு அப்போது ஐந்து மாதம்தான், தங்கள் வீட்டு வழக்கப்படி ஒன்பதில்தான் வளையல் என்று நாச்சாத்தாள் சொல்லியிருந்தாள். அதனால் மணி முடிவதற்கு முன் எல்லா வளையலையும் கழற்றி ஒரு காலி கோன் பெட்டியில் ஒளித்து வைத்துவிட்டுப் போனாள்.

சித்திரை இரண்டாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. ஏழே கால் பவுண்டு, தலை நிறைய முடி, விரல் நுனியைத் தாண்டி நகம். பிரசவம் பார்த்த நர்சம்மா "நல்லா முத்தி வந்த புள்ள, ஒரு கொறையும் இல்ல" என்று சந்தோஷமாகத்தான் சொன்னாள். நாச்சாத்தாள் கட்டைவிரலை விரல் கணுவில் வைத்தாள். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை, மாசி, பங்குனி. எட்டு. அதையே மறுபடியும் எண்ணினாள், எட்டுதான் வந்தது. குழந்தையைத் தூக்காமல் எழுந்து வந்துவிட்டாள். கலாமணி அம்மா வீட்டோடு இருகூருக்குப் போனாள். ஆறுச்சாமி ஒருநாள் சைக்கிளில் இருகூர் முக்கு வரைக்கும் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தானாம். வைகாசி முதல் ஞாயிறு ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் கூடி ஒரு முடிவு பண்ணப்போகிறார்கள் என்று எங்கள் காதுக்கு வந்தது, அந்த முடிவு என்னவென்று எங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு முந்தின வியாழக்கிழமை காலை மணியில் யாரும் தூங்கவில்லை. மணி அப்போது நாலு மணி நேரத்துக்கு வந்துவிட்டிருந்தது, அத்தனை நேரமும் பேசினோம். நாள்காட்டியோடு மணிகளைக் கூட்டிப் பார்த்தோம். எங்களில் எழுத்துத் தெரிந்தவள் பாபின் அட்டையில் எழுதிப் பார்த்தாள், பங்குனி வரைக்கும் கலாமணி இருந்த மணிகளைக் கூட்டினால் ஒன்றரை மாதம் வந்தது. எட்டும் ஒன்றரையும் ஒன்பதரை, பத்தாம் மாசத்துப் பிள்ளைதான். அந்த அட்டையை வாங்கி நான் இடுப்பில் செருகிக்கொண்டேன், வயித்துக்கென்ன கடியாரமா என்று கேட்டவள் நான்தானே.

"வெளிய சொன்னா மணி போயிரும்" என்றாள் ஒருத்தி.

"சொன்னா யாரு நம்பப்போறாங்க" என்றாள் இன்னொருத்தி.

"சொல்ல வேண்டாம்" என்றேன் நான். "அந்தம்மாளையே மணிக்குள்ள கூட்டிட்டு வந்தரலாம்."

டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த வேலப்பன் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் நன்றாக இல்லை. "அம்மிணி, நான் இந்த சனிக்கெழம இதக் கழட்டறதா இருக்கேன்" என்றார். "எங்கயோ ஒழுகுது, நாளுக்கு நாள் சாஸ்தியாகுது. ஊத்தறதும் ஒழுகறதும் சமமாயிருச்சுன்னா தொட்டி எட்டத் தொடவே தொடாது. மணி நிக்காது. நாம இதுக்குள்ளயே இருந்துக்க வேண்டியதுதான்."

"நாளைக்கு ஒரு மணி தாங்குமாங்ணா?"

அவர் முள்ளைப் பார்த்தார். "தாங்கணும்" என்றார்.

அன்று பொழுதோடு நான் நாச்சாத்தாள் வீட்டுக்குப் போனேன். திறந்த டிரங்குப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், என்னைப் பார்த்ததும் மூடினாள்.

"என்ன சொல்லிப் பூசி மொழுகலாம்னு வந்திருக்கறீங்க?" என்றாள்.

"ஒண்ணுஞ் சொல்ல வரலீங். நாளைக்கு ஒரே ஒரு நா, உங்க மருமக வேலைக்கு நீங்க வரோணும். அவ நின்ன எடத்துல நீங்க நின்னு பாருங்க. அதுக்கப்பறம் ஞாயித்துக்கெழம என்ன வேணாலும் பண்ணிக்குங்க."

"நானென்ன மில்லுக்காரியா?"

"மூணு மணிக்கு டீக் குடிச்சுட்டு வந்தரலாமுங்."

அவள் கட்டைவிரல் கணுக்களில் நகர்ந்துகொண்டே இருந்தது. எதை எண்ணினாளோ தெரியாது, "வர்றேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டில் கிடந்த கலாமணியின் நீல ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு கலாமணியின் டோக்கனைக் காட்டிவிட்டு நாச்சாத்தாள் கேட்டைத் தாண்டினாள். வாட்ச்மேன் டோக்கனைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். இரண்டு மணி நேரம் சத்தத்துக்குள் கலாமணியின் மெஷினுக்குப் பக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். மூன்று மணிக்கு நஞ்சப்பன் சுவிட்சைத் தொட்டார்.

சத்தம் அடங்கியது. நாச்சாத்தாள் காதிலிருந்து கையை எடுத்தாள். அந்தரத்தில் நிற்கிற பஞ்சை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே தொங்கிய பீடிப் புகையைப் பார்த்தாள். பயந்து கத்துவாள் என்று நினைத்துத் தண்ணீர்ச் சொம்போடு நின்ற ராமாத்தாளுக்கு வேலையே இல்லை. ஓரமாகப் போய் ஒரு கோன் மூட்டையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். புருஷன் போனதிலிருந்து பட்டப்பகலில் அவள் காலை நீட்டி உட்கார்ந்தது அதுதான் முதல்தடவையாம், பிறகு அவளே சொன்னாள். நாங்கள் சுற்றி உட்கார்ந்து சொன்னோம், ஒருத்தி வாந்தியைச் சொன்னாள், ஒருத்தி மாங்காயைச் சொன்னாள், ஆறு வோல்ட்டில் உதைத்ததை நான் சொன்னேன். பாபின் அட்டையை நீட்டினோம், அவளுக்குப் படிக்கத் தெரியாது, வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கடைசியில் ராமாத்தாள் கோன் பெட்டியைத் தூக்கி வந்து மூடியைத் திறந்தாள். நூற்று அறுபத்தாறு கண்ணாடி வளையல், தை மாதத்து மஞ்சள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

நாச்சாத்தாள் ஒரு வளையலை எடுத்துப் பார்த்தாள். மூக்கு விடைத்தது, கண் கலங்கியது.

"ஏண்டி," என்றாள் எங்கள் எல்லோரையும் பார்த்து, "எம் மருமகளுக்கு வளையல் போட்டிருக்கறீங்க, என்னை ஒரு வார்த்த கூப்படலியே."

கையிலிருந்த வளையலைப் பெட்டியில் திரும்பப் போட்டாள். "ஒம்பதாம் மாசத்துக்குப் போடோணும்னு நான் மாசியிலயே வாங்கிப் பொட்டியில வெச்சிருக்கேன், தெனமும் தொறந்து பாக்கறேன். நான் போடறதுக்கு முந்தி எல்லாம் போட்டுட்டீங்க" என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சந்தேகம் போய்விட்டது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது, நம்பாதவள் இதற்காக அழ மாட்டாள்.

அதற்குள் முள் ஏழு வோல்ட்டைத் தாண்டியிருந்தது. ஏழே கால், ஏழரை, ஏழே முக்கால் என்று தவழ்ந்து, ஏழே முக்காலில் நின்றுவிட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒரு மணி நேரம் போயிருக்கும், இரண்டு மணி நேரம் போயிருக்கும், முள் அசையவில்லை. எடுத்துவந்த தண்ணீர் தீர்ந்தது. வீட்டில் கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்திக்குப் பால் கட்டி ரவிக்கை நனைந்தது, அவள் சுவரோரம் திரும்பி நின்று அழ ஆரம்பித்தாள். வேலப்பன் ஐ.சி.யைத் தொட்டார், ரெசிஸ்டரைத் தொட்டார், ஒழுகுகிற இடத்தைத் தேடி ஒவ்வொரு காலாகத் துணியால் துடைத்தார். எண்பத்து மூன்று பெண்களும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று அந்த முள்ளையே பார்த்தோம். இருகூரில் கலாமணி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு காத்திருப்பாள் என்று நினைத்தேன், அவளுக்கு மூன்று மணியோடு உலகம் நின்றிருக்கும், ஞாயிற்றுக்கிழமை வரவே வராது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நாச்சாத்தாள் முன்னால் வந்தாள்.

"அது என்ன, எல்லாரும் அதையே பாக்கறீங்க?"

"இந்த மணிக்குக் கடியாரமுங்க" என்றார் வேலப்பன்.

"இத எப்ப மாட்டுனீங்க?"

"போன ஆடியிலங்க."

"மாட்டறதுக்கு முந்தி மணி நின்னுட்டுத்தான இருந்துச்சு?"

"நின்னுச்சுங்க, முக்கா மணி நேரத்துல..." என்றவர் அப்படியே நிறுத்திவிட்டார். கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். எனக்கு இப்போதும் அந்த முகம் கண்ணில் நிற்கிறது, பத்து மாதமாக வீடெல்லாம் தேடிய சாவி தன் இடுப்பிலேயே தொங்கியதைக் கண்டவர் முகம். "முள்ளு நகரணும்னா அதுக்கும் கொஞ்சம் கரண்டு வேணுமே அம்மிணி" என்றார் என்னிடம். "தொட்டியில இருந்துதான் அது குடிச்சிருக்குது. ஓட்டை வேற எங்கயும் இல்ல. இதுதான் ஓட்டை. இதோட ஈரமும் பஞ்சும் படிஞ்சு சமமாயிருச்சு."

"அப்பக் கழட்டுங்க" என்றாள் நாச்சாத்தாள்.

அவர் கழற்றவில்லை. எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஒயரைக் கழற்றினால் மூன்று மணி நேரம் போய்விடும், பழைய முக்கால் மணி நேரம்தான் மிஞ்சும், அதற்கும் கடிகாரம் இருக்காது. நாங்கள் எழுப்பிவிடச் சொல்லித் தூங்கிய ஐந்து வோல்ட்டும், பிள்ளை உதைத்த ஆறு வோல்ட்டும், தவழ்கிற அந்தக் கடைசி வோல்ட்டும் இனி இல்லை. நாச்சாத்தாள் காத்திருக்கவில்லை. சித்திரை இரண்டாம் தேதியிலிருந்து கணுக்களை எண்ணிக்கொண்டே இருந்த அந்த வலதுகையை நீட்டிச் சிவப்பு ஒயரைப் பிடித்து இழுத்தாள்.

முள் பூஜ்யத்தில் விழுந்தது. நாங்கள் ஒன்றுமில்லாத முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றோம், எவ்வளவு நேரம் என்று சொல்ல எதுவும் இல்லை. பிறகு மணி ஓய்ந்து, டிரம்கள் அத்தனையும் ஒன்றாகக் கூச்சலிட்டன. வாசலில் டீ வாளிக்காரர் காலைக் கீழே வைத்தார்.

அன்று நாச்சாத்தாள் டீ குடிக்கவில்லை. கோன் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓவர்கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டைத் தாண்டினாள், நானும் மேஸ்திரியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியிலிருந்து தன் வளையல்களை எடுத்துக்கொண்டாள். வாசலில் சைக்கிளோடு நின்ற ஆறுச்சாமியிடம் "மொகறையப் பாத்துட்டு நிக்காத, வந்து சேரு" என்றாள். நாங்கள் பஸ் ஏறி இருகூர் போனோம். கலாமணி கட்டிலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நீலக் கோட்டில் வந்து நின்ற மாமியாரைப் பார்த்து எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"கையக் குடு" என்றாள் நாச்சாத்தாள்.

முதலில் தன் வளையல்களைப் போட்டாள், ஒவ்வொன்றாக, முழங்கை வரைக்கும். பிறகு எங்கள் வளையல்களைப் போட்டாள், கை நிறைந்ததும் அடுத்த கை, அதுவும் நிறைந்ததும் மீதியைப் பெட்டியோடு மடியில் வைத்தாள். போட்டபோது எண்ணவில்லை. குழந்தையைத் தூக்கி அதன் நீண்ட நகத்தைப் பார்த்து "பத்து மாசம் முழுசா இருந்துட்டுத்தான் வந்திருக்கறே" என்றாள். கலாமணி என்னைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன், அதற்குமேல் அவளும் அழுதாள் நானும் அழுதேன்.

மீட்டரை வேலப்பன் திரும்ப மாட்டவில்லை. பழைய முக்கால் மணி நேரம் இன்னும் நாலு வருஷம் எங்களுக்கு இருந்தது, எப்போது முடியும் என்று தெரியாமல் பாதிப் பேச்சில் முடிகிற முக்கால் மணி நேரம். பிறகு மில்லில் எலக்ட்ரானிக் சங்கு வைத்தார்கள், பிறகு மில்லையே மூடினார்கள். இப்போது அந்த இடத்தில் மாடி வீடுகள் நிற்கின்றன. மிக்ஸி ஓடி நிற்கும்போதோ கரண்ட் போய் மின்விசிறி ஓயும்போதோ ராமாத்தாளின் குரல் எனக்குக் கேட்கிறது, அவள் போய் ஆறு வருஷமாகிறது. அந்த ஷெட்டுக்கு ஒரே ஒரு மணி திரும்பிப் போகக் கிடைத்தால் என் மிச்ச வயதில் எவ்வளவு கேட்டாலும் கொடுப்பேன்.

எத்தனை மாசத்துப் பிள்ளை என்று யார் கேட்டாலும் நாச்சாத்தாள் "பத்து, மணியோட சேத்து" என்பாள், கேட்டவர்கள் புரியாமல் போய்விடுவார்கள். போன மார்கழியில் அவள் படுத்த படுக்கையாக இருந்தபோது பார்க்கப் போனேன். பேத்தி, அந்தப் பிள்ளைதான், இப்போது அவளுக்கும் இரண்டு பிள்ளைகள், மருந்துச் சீட்டில் எழுத வயது கேட்ட நர்சிடம் "எம்பத்தேழு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாச்சாத்தாள் கண்ணைத் திறந்து என்னைத் தேடிப் பார்த்தாள், கையை மெதுவாகத் தூக்கி ஒரே ஒரு விரலைக் காட்டினாள்.

"எனக்கும் ஒரு மணி இருக்குது" என்றாள். "அதையும் சேத்திச் சொல்லு, பாக்கியம்."